தேதி உதிர்ந்த உண்மைகள்

கவரப்பேட்டையிலிருந்து சத்தியவேடு போகும் சாலையில், தேர்வாய் கண்டிகை சிப்காட் வட்டாரத்தில், ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷன் செய்து, ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத்தரும் சிறிய கம்ப்யூட்டர் சென்டர் ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் பழுப்பேறிய ஒரு ஏ4 தாள். 'நெட் வேகமாக வர' என்று தலைப்பு. எழுதியவர் பெயர் இல்லை, தேதி இல்லை. மேலே மூன்று குறிப்புகள் அச்சில். கீழே மூன்று குறிப்புகள் பேனாவில், வெவ்வேறு கையெழுத்தில்.

"அது எங்க அண்ணன் கடைய பாத்துக்கிட்டப்ப ஒட்டினது சார். கீழ இருக்கறது அப்பப்ப வந்தவங்க சொன்னது. நாங்க இன்னும் அப்படித்தான் செய்யறோம்" என்றார் கடைக்காரர்.

தமிழ்க் கணிமையின் வரலாற்றைத் தேடுபவனுக்கு இது சாதாரணத் தாள் இல்லை. பிரவுசர் வேகம் பற்றித் தமிழ்நாட்டில் புழங்கும் நம்பிக்கைகள் அநேகமாக எல்லாமே அதில் இருந்தன. கடைக்காரர் அனுமதியோடு படம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வரியும் எங்கே பிறந்தது, பிறந்தபோது உண்மையாக இருந்ததா, இப்போதும் உண்மையா என்று பார்ப்பதுதான் நோக்கம். தேடிய இடங்கள் மூன்று: பிரவுசர்களின் வெளியீட்டுக் குறிப்புகள், ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மோசில்லாவின் பொது மூலநிரலும் பிழைப் பதிவேடும், வேகச் சோதனைகளை உருவாக்கியவர்களே எழுதிவைத்த ஆவணங்கள்.

அச்சிட்ட மூன்று வரிகள் இவை. ஒன்று: 'ஃபயர்ஃபாக்ஸில் எபவுட் கான்ஃபிக் போய் பைப்லைனிங்கை ஆன் செய்து 30 கொடுக்கவும், பெயின்ட் டிலே 0 வைக்கவும்.' இரண்டு: 'தமிழுக்கு ஐ.இ. தான், உடனே திறக்கும்.' மூன்று: 'ஃபயர்ஃபாக்ஸ் மெமரி லீக் ஆகும், அடிக்கடி மூடித் திறக்கவும்.'

பேனாவில் எழுதியவை: 'குரோம்தான் ஃபாஸ்ட், ஆனா ரேம் சாப்பிடும்.' 'செல்லுக்கு ஓபெரா மினி, யூசி.' 'தினமும் கேஷ் கிளியர்.'

காலக் கணிப்பு

கல்வெட்டில் ஆட்சியாண்டு சிதைந்துபோயிருந்தால் எழுத்தமைதியையும் அதில் வரும் பெயர்களையும் வைத்துக் காலம் கணிப்பார்கள். இந்தத் தாளுக்கும் அதே வழி பொருந்தும்.

ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயரே 2004 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்கு முன் அது ஃபீனிக்ஸ், பிறகு ஃபயர்பேர்ட். 1.0 பதிப்பு 2004 நவம்பர் 9 அன்று வெளியானது. ஆகவே தாளின் மேல் எல்லை அங்கே தொடங்குகிறது. கூகுள் குரோம் 2008 செப்டம்பர் 2 அன்று வந்தது. அச்சிட்ட பகுதியில் குரோம் பெயரே இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் மெமரி லீக் என்ற பேச்சு பெரிதானது 1.5 பதிப்புக்குப் பிறகு, அதாவது 2005 நவம்பர் 29-க்குப் பிறகு. 'தமிழுக்கு ஐ.இ. தான்' என்ற வரி ஃபயர்ஃபாக்ஸ் 3 வருவதற்கு முந்திய உலகத்தின் வரி. அந்தப் பதிப்பு வந்தது 2008 ஜூன் 17. நான்கையும் சேர்த்துப் பார்த்தால், அச்சிட்ட மூன்று வரிகளின் சரக்கு 2005 இறுதிக்கும் 2008 நடுவுக்கும் இடைப்பட்டது.

தேர்வாய் கண்டிகையில் டயர் தொழிற்சாலை கட்ட மிஷலின் நிறுவனம் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது 2009-இல். அந்தத் தொழிற்சாலைக்கும் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் பி.எஃப். கணக்குப் பார்க்கவும், பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வாங்கவும் இந்தக் கடைக்கு வருகிறார்கள். அவர்கள் வேலை செய்யும் தொழிற்சாலையைவிட மூத்த ஓர் அறிவுரைப்படிதான் கடையின் கம்ப்யூட்டர் இன்றும் நடத்தப்படுகிறது.

30 என்ற எண் எங்கிருந்து வந்தது?

முதல் வரியில் நுட்பம் அதிகம், அதனாலேயே நம்பகமாகத் தோன்றும். பைப்லைனிங் என்பது எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறையில் உள்ள ஒரு வசதி. ஒரு கோரிக்கைக்குப் பதில் வரும்வரை காத்திராமல் அடுத்தடுத்த கோரிக்கைகளை வரிசையாக அனுப்பலாம். ஆனால் பதில்கள் கேட்ட வரிசையிலேயே வந்தாக வேண்டும். முதலில் கேட்ட கோப்பு தாமதமானால் பின்னால் உள்ளவை எல்லாம் அதன் பின்னே தேங்கும். நடுவில் இருக்கும் பழைய பிராக்ஸி சர்வர்கள் சில இதைச் சரியாகக் கையாளாமல் பதில்களைக் குழப்பவும் செய்தன. அதனால்தான் மோசில்லா இந்த வசதியை வைத்திருந்தும் அணைத்தே வெளியிட்டது. அதை ஆன் செய்வதைத்தான் 'ரகசிய வேகம்' என்று உலகமெங்கும் பரப்பினார்கள்.

30 என்ற எண்ணைத் தேடி அக்கால மூலநிரலுக்குப் போனபோது விடை சுருக்கமாகக் கிடைத்தது. பைப்லைனில் ஒரே நேரத்தில் நிற்கக்கூடிய கோரிக்கைகளின் உச்சவரம்பு 8. அதற்கு மேல் என்ன எண் கொடுத்தாலும் நிரல் அதை 8 ஆகக் குறைத்துக்கொள்ளும். 30 கொடுத்தவர்களுக்கு 30 ஒருநாளும் கிடைக்கவில்லை. யாரோ ஒருவர் பெரிய எண்ணாகப் பார்த்து எழுதியதை மற்றவர்கள் படியெடுத்திருக்கிறார்கள். பின்னாளில் பைப்லைனிங் வசதியையே ஃபயர்ஃபாக்ஸ் 2017-இல், 54-ஆம் பதிப்பில், நீக்கிவிட்டது. அதற்குள் எச்.டி.டி.பி. 2 வந்து, ஒரே இணைப்பில் பல கோப்புகள் கலந்து வருவதற்குச் சரியான வழி பிறந்திருந்தது.

பெயின்ட் டிலே கதை இதைவிடச் சுவையானது. பக்கத்தின் தரவு வரத் தொடங்கியதும் ஃபயர்ஃபாக்ஸ் உடனே வரைய ஆரம்பிக்காது. கால் நொடி, அதாவது 250 மில்லிநொடி, பொறுத்திருந்து கொஞ்சம் தரவு சேர்ந்தபின் வரையும். அதை 0 ஆக்கினால் திரையில் ஏதோ ஒன்று முன்னதாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு துண்டு வரும்போதும் பக்க அமைப்பை மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும். பக்கம் முழுதாக நிற்க மொத்தத்தில் அதிக நேரம் பிடிக்கலாம். கம்ப்யூட்டர் பழையதாக இருந்தால் இழப்பு கூடும். குறிப்பைப் பின்பற்றியவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு வேகமாகத் தெரிந்தது. முதல் எழுத்து தெரியும் நேரமும் பக்கம் முடியும் நேரமும் வேறுவேறு அளவுகள் என்பது மட்டும் யாரும் அவருக்குச் சொல்லாமல் போயிற்று.

தமிழுக்கு எந்த பிரவுசர்?

இரண்டாம் வரிக்குள் இரண்டு செய்திகள் ஒட்டிக்கிடக்கின்றன. 'உடனே திறக்கும்' என்பது முதலாவது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் (ஐ.இ.) விண்டோஸ் 98 முதல் இயங்குதளத்தோடு பிணைக்கப்பட்டது. அதன் பாகங்கள் பலவும் விண்டோஸ் எழும்போதே நினைவகத்துக்கு வந்துவிடும். ஐகானைத் தட்டியதும் சன்னல் திறந்ததற்கு அதுதான் காரணம். ஃபயர்ஃபாக்ஸ் அப்போதுதான் வட்டிலிருந்து எழுந்துவர வேண்டும். ஐ.இ.-யின் திறக்கும் நேரம் விண்டோஸ் எழும் நேரத்தில் கரைந்திருந்தது. பக்கத்தை வரையும் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

'தமிழுக்கு' என்பதுதான் என்னை அதிக நேரம் பிடித்து நிறுத்தியது. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் அது ககரம், ஒகர உயிர்க்குறி என இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் வரும்போது ஒற்றைக்கொம்பு முன்னால், க நடுவில், துணைக்கால் பின்னால் என மூன்று வடிவங்களாகப் பிரிந்து இடம்மாற வேண்டும். இந்த வேலையைச் செய்ய ஒரு தனி நிரல் பகுதி தேவை. ஆங்கிலப் பக்கத்துக்கு அது அநேகமாக வேண்டியதில்லை. தமிழ்ப் பக்கத்தில் அது இல்லாவிட்டால் கொம்பு ஒருபக்கமும் கால் ஒருபக்கமும் சிதறிக் கிடக்கும்.

2005 ஏப்ரலில் மத்திய அரசின் சார்பில் சி-டாக் உருவாக்கிய இலவசத் தமிழ் மென்பொருள் குறுந்தகட்டை சென்னையில் சோனியா காந்தி வெளியிட்டார். தகவல் தொழில்நுட்ப அமைச்சராக இருந்தவர் தயாநிதி மாறன். எழுத்துருக்கள், அலுவலகத் தொகுப்பு ஆகியவற்றோடு தமிழ் முகப்பு கொண்ட ஃபயர்ஃபாக்ஸும் அதில் இருந்தது. மெனுவெல்லாம் தமிழில் வந்த பிரவுசர். ஆனால் 3-ஆம் பதிப்புக்கு முந்திய ஃபயர்ஃபாக்ஸில், இருபக்க ஓரமும் நேராக இருக்கும்படி அமைத்த தமிழ்ப் பத்தி உடைந்து தெரிந்தது. தமிழில் எழுதியவர்கள் பலர் தங்கள் பக்கங்களை அப்படித்தான் அமைத்திருந்தார்கள். வாசகர் ஃபயர்ஃபாக்ஸில் திறந்தார், எழுத்து உடைந்தது, ஐ.இ.-க்குத் திரும்பினார்.

லினக்ஸ் பக்கம் போனால் இதே கதை இன்னும் கூர்மையாக இருந்தது. அங்கே தமிழைச் சரியாக அடுக்கும் வேலையை 'பாங்கோ' என்ற நூலகம் செய்தது. அது இயங்கினால் பக்கம் வரைவது சற்றே மெதுவாகும். ஆகவே 'பாங்கோவை அணைத்துவிடு, ஃபயர்ஃபாக்ஸ் பறக்கும்' என்று ஒரு வேகக் குறிப்பு உலவியது. ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்கு அது நல்ல குறிப்புதான். அதைத் தமிழ் வாசகர் பின்பற்றினால் அவர் படிக்க வந்த எழுத்தே உடைந்துவிடும். அந்த வேகம் கிடைத்தது, தமிழுக்குச் செய்யவேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டதால். 2008-இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 எழுத்துகளை வரையும் பகுதியைப் புதிதாக எழுதிக்கொண்டு வந்ததும் இரண்டு சிக்கலும் தீர்ந்தன. இன்று ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டுமே தமிழ் எழுத்தை அடுக்க 'ஹார்ஃபஸ்' என்ற ஒரே நூலகத்தைத்தான் பயன்படுத்துகின்றன. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்று நிறுத்திவிட்டது. பிரவுசர் போய்ச் சேர்ந்தபின்னும் அதைப் புகழ்ந்த வரி சுவரில் இருக்கிறது.

லீக்கா, சேமிப்பா?

மூன்றாம் வரிக்குக் கிடைத்த ஆவணம் 2006 பிப்ரவரியைச் சேர்ந்தது. ஃபயர்ஃபாக்ஸின் முன்னணிப் பொறியாளராக இருந்த பென் குட்ஜர், மெமரி லீக் என்று எல்லாரும் சொல்வதன் ஒரு பகுதி லீக்கே இல்லை, ஒரு வசதி என்று விளக்கி எழுதினார். 1.5 பதிப்பு முதல், பார்த்து முடித்த பக்கங்களை ஃபயர்ஃபாக்ஸ் முழு வடிவில் நினைவகத்தில் வைத்துக்கொண்டது. பின்செல்லும் பொத்தானைத் தட்டினால் பக்கம் நொடியில் வருவதற்காக. எத்தனை பக்கம் வைக்கலாம் என்பதை ரேம் அளவைப் பார்த்து அதுவே முடிவு செய்தது: 256 எம்.பி. உள்ள கம்ப்யூட்டரில் 3, 512-இல் 5, 1 ஜி.பி.யும் அதற்கு மேலும் இருந்தால் 8.

இதைப் படித்ததும் வழக்கு முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. பிழைப் பதிவேட்டைப் புரட்டினால் உண்மையான லீக்குகளும் ஏராளமாக இருந்தன. மோசில்லாவே அதை ஒப்புக்கொண்டு வேலை செய்தது. ஃபயர்ஃபாக்ஸ் 3-இல் நினைவகத்தை ஒதுக்கும் முறையை மாற்றினார்கள். 2011-இல் நிக்கலஸ் நெதர்கோட் 'மெம்ஷ்ரிங்க்' என்ற தனி முயற்சியைத் தொடங்கினார். 2012 ஆகஸ்டில் வந்த 15-ஆம் பதிப்பு, ஆட்-ஆன்கள் மூடிய பக்கங்களைப் பிடித்துவைத்துக்கொண்டு உண்டாக்கிய கசிவில் பெரும்பகுதியை அடைத்தது. அந்தக் கசிவுக்குக் காரணம் பிரவுசர் அல்ல, பயனர் நிறுவிய ஆட்-ஆன். ஆனால் பழி பிரவுசர் பெயரில் விழுந்தது.

ஆக, '2006-இல், ஆட்-ஆன்கள் நிறைய போட்ட ஃபயர்ஃபாக்ஸ், ரேம் குறைந்த கம்ப்யூட்டரில் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டது' என்பது சரியான கூற்று. 'ஃபயர்ஃபாக்ஸ் மெமரி லீக் ஆகும்' என்பது அதே கூற்றிலிருந்து ஆண்டு, பதிப்பு, கம்ப்யூட்டர் மூன்றும் உதிர்ந்தபின் மிஞ்சியது.

வேகத்துக்கு மார்க் போட்டவர்கள்

'குரோம்தான் ஃபாஸ்ட்' என்ற பேனா வரியின் பூர்வீகம் தெளிவானது. 2008-இல் குரோம் வந்தபோது அதன் 'வி8' என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரம் அன்றைய போட்டியாளர்களை நன்றாகவே முந்தியது. அதோடு பிரவுசர் நிறுவனங்களிடையே ஒரு மார்க் போட்டி சூடுபிடித்தது. ஆப்பிளின் வெப்கிட் குழு 2007 டிசம்பரில் 'சன்ஸ்பைடர்' என்ற சோதனையை வெளியிட்டிருந்தது. கூகுள் குரோமோடு தன் சோதனைத் தொகுப்பையும் கொண்டுவந்தது. மோசில்லா 2010-இல் 'கிராக்கன்' கொண்டுவந்தது. ஒவ்வொருவரும் தான் வெல்லும் சோதனையைக் காட்டி 'நாங்களே வேகம்' என்றார்கள். எவருடைய மார்க்கும் பொய்யில்லை. அளந்த பொருள்தான் வேறுவேறு.

இந்தப் போட்டியில் நிஜமான துப்பறியும் கதை ஒன்று உண்டு. 2010 நவம்பரில் மோசில்லாவின் பொறியாளர் ராப் செயர், மைக்ரோசாஃப்ட் முன்னோட்டமாக வெளியிட்டிருந்த ஐ.இ. 9-ஐ சன்ஸ்பைடரில் ஓடவிட்டார். சைன், கொசைன் மதிப்புகளைக் கணக்கிடும் 'கார்டிக்' என்ற ஒரு துணைச் சோதனையில் மட்டும் ஐ.இ. 9 மற்ற பிரவுசர்களைவிடப் பல மடங்கு வேகமாக முடித்தது. சந்தேகம் வந்து, அந்தச் சோதனைக்குள் 'ட்ரூ' என்று எந்தப் பயனும் இல்லாத ஒரே ஒரு வரியைச் சேர்த்தார். கணக்கின் விடையை அது சிறிதும் பாதிக்காது. ஆனாலும் வேகம் சட்டென்று விழுந்தது. இன்னோர் இடத்தில் வெறும் 'ரிட்டர்ன்' சேர்த்தார். அப்போதும் விழுந்தது.

சோதனைக்கென்றே வைத்த குறுக்குவழி என்று பலர் குற்றம் சாட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் மறுத்தது. பயன்படாத நிரலை நீக்கும் பொதுவான உத்திதான் அது, இன்னும் முழுமையடையவில்லை என்று விளக்கியது. யார் பக்கம் நியாயம் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்தச் சோதனை செய்த கணக்கின் விடையை யாருமே பயன்படுத்தவில்லை. அதைக் கண்டுகொண்ட பிரவுசர் கணக்கையே செய்யாமல் விட்டுவிட்டு முதல் மார்க் வாங்கியது. நாம் திறக்கும் வங்கிப் பக்கத்திலோ பி.எஃப். பக்கத்திலோ அப்படிப்பட்ட கணக்கு எத்தனை இருக்கும்?

இதைப் பிரவுசர் செய்பவர்களே பிறகு வெளிப்படையாகச் சொன்னார்கள். கூகுளின் வி8 குழு 2012-இல் கொண்டுவந்த 'ஆக்டேன்' சோதனையை 2017 ஏப்ரலில் தானே ஓய்வுபெறச் செய்தது. எல்லா இயந்திரங்களும் அந்தச் சோதனைக்கேற்ப மெருகேறிவிட்டன, நிஜப் பக்கங்கள் நேரத்தைச் செலவிடும் இடங்கள் வேறு என்பதே அவர்கள் சொன்ன காரணத்தின் சாரம். 2024 மார்ச்சில் 'ஸ்பீடோமீட்டர் 3' வந்தபோது ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மோசில்லா நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து அதை உருவாக்கியிருந்தார்கள். எதை அளப்பது என்று போட்டியாளர்கள் ஒத்துக்கொள்ளவே இத்தனை ஆண்டுகள் ஆயின.

வரியின் மறுபாதி, 'ரேம் சாப்பிடும்' என்பது. குரோம் முதல் நாளிலிருந்தே தாவல்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து ஓட்டியது. ஒரு பக்கம் செத்தால் மற்றவை பிழைக்க வேண்டும் என்பதற்காக. அதற்கு நினைவகம் கூடுதலாகச் செலவாகும். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற வன்பொருள் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபின், ஒரு தளத்தின் தரவை இன்னொரு தளம் திருடாமல் இருக்க, குரோம் 67 முதல் தளங்களையே தனித்தனிச் செயல்முறைகளில் பிரித்தது. அதனால் நினைவகச் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடியது என்று கூகுளே எழுதியது. அந்த ரேம் பாதுகாப்புக்குக் கொடுத்த விலை. ஃபயர்ஃபாக்ஸும் பிறகு இதே வழிக்கு வந்தது. டாஸ்க் மேனேஜரில் குரோம் பெயர் பல வரிகளில் வருவதைப் பார்த்து எல்லாவற்றையும் கூட்டினால் வரும் எண்ணும் நம்பத்தக்கதில்லை. பல செயல்முறைகள் பகிர்ந்துகொள்ளும் நினைவகம் சிலவேளை ஒன்றுக்கு மேற்பட்ட முறை எண்ணப்படும். ரேம் காலியாகக் கிடப்பதால் கம்ப்யூட்டர் வேகமாவதும் இல்லை. ரேம் தீர்ந்து வட்டுக்கு மாற்றி எழுதத் தொடங்கும்போதுதான் எல்லாம் நொண்டும்.

கையில் இருந்த பிரவுசரும் தொலைவில் இருந்த சர்வரும்

'செல்லுக்கு ஓபெரா மினி, யூசி' என்ற வரியின் காலத்தையும் கணிக்க முடிந்தது. ஓபெரா மினி உலகம் முழுவதும் கிடைத்தது 2006 ஜனவரியில். யூசி பிரவுசரை இந்திய அரசு தடை செய்தது 2020 ஜூன் 29 அன்று, 59 செயலிகளின் பட்டியலில். இடைப்பட்ட ஆண்டுகளின் 2ஜி நெட்டில் இவை இரண்டும் உண்மையிலேயே வேகமாக இருந்தன. காரணம் செல்லுக்கு வெளியே இருந்தது. ஓபெரா மினியில் பக்கத்தைத் திறப்பதும் அடுக்குவதும் அந்த நிறுவனத்தின் சர்வரில் நடக்கும். சுருக்கிய வடிவம் மட்டும் செல்லுக்கு வரும். யூசியும் நடுவில் இருந்த சர்வர்களைக் கொண்டு தரவைச் சுருக்கியது. வேகம் வந்தது, கூடவே பக்கங்களை இன்னொருவருடைய கம்ப்யூட்டர் வழியாகப் பார்க்கிறோம் என்ற உண்மையும் வந்தது. பலருக்கு அது தெரியாது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் தனி அனுபவம் உண்டு. அன்றைய சாதாரண செல்களில் தமிழ் எழுத்துருவே இருக்காது. திரையில் வெறும் கட்டங்கள் தெரியும். ஓபெரா மினியின் உள் அமைப்புப் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் பயன்படுத்து என்பதை ஆம் என்று மாற்றினால் தமிழ் தெரியும். சர்வர் தமிழ் எழுத்தைப் படமாக்கி அனுப்பியது. பல்லாயிரம் பேர் செல்லில் முதன்முதலாகத் தமிழ் படித்தது அப்படித்தான். படம் என்பதால் தரவு கூடியது, பக்கம் மெதுவானது. ஒரே செல், ஒரே பிரவுசர், ஒரே சிக்னல். ஆங்கிலம் படித்தவருக்கு ஒரு வேகம், தமிழ் படித்தவருக்கு வேறு வேகம். 'ஓபெரா மினி வேகமா?' என்ற கேள்விக்கு யாருக்கு என்று கேட்காமல் விடை சொல்ல முடியாது.

இன்றைய பிரவுசர்களில் பெயர்கள் பல, இயந்திரங்கள் சில. ஓபெரா 2013-லும், மைக்ரோசாஃப்ட் எட்ஜ் 2020 ஜனவரியிலும் கூகுளின் குரோமியத்துக்கு மாறின. பிரேவ், விவால்டி, சாம்சங் இன்டர்நெட், 2023-இல் ஜோஹோ வெளியிட்ட உலா எல்லாம் அதே குடும்பம். ஐஃபோனில் நம் நாட்டில் எந்த பிரவுசரைப் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட். 'ஐஃபோனில் குரோம் வேகம்' என்று சொல்கிறவர் ஒப்பிடுவது பெரும்பாலும் பொத்தான்களை.

கேஷும் காத்திருப்பும்

கடைசி வரியான 'தினமும் கேஷ் கிளியர்' தான் கடையில் தினமும் உண்மையாகவே நடக்கிறது. கேஷ் என்பது தளத்தின் சின்னம், எழுத்துரு, நிரல் கோப்புகளை ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளும் இடம். அதைக் காலையில் துடைத்துவிட்டால் அன்றைக்கு முதலில் திறக்கும் ஒவ்வொரு தளமும் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும். வேகத்துக்காகச் செய்வது வேகத்தைக் கெடுக்கிறது. ஒரு தளம் மாறியபின் பழைய கோப்பு சிக்கிக்கொண்டு பக்கம் உடைந்தால், அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அதைத் துடைக்கலாம். உதவி மையங்கள் அந்தச் சமயத்துக்குச் சொல்லும் மருந்து தினசரிப் பழக்கமாக மாறிவிட்டது.

பொதுக் கம்ப்யூட்டரில் துடைப்பதற்கு வேறொரு நல்ல காரணம் இருக்கிறது. ஒருவர் விட்டுச்சென்ற உள்நுழைவு அடுத்தவர் கையில் சிக்கக் கூடாது. அதற்கு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கெஸ்ட் சன்னல் திறந்து வேலை முடிந்ததும் மூடுவது சரியான வழி. கடைக்காரரிடம் அதைக் காட்டியபோது அடுத்த வாடிக்கையாளருக்கே அப்படிச் செய்து பார்த்தார்.

பிறகு இருவருமாக ஒரு விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து, எஃப்12 விசையைத் தட்டி நெட்வொர்க் பகுதியைப் பார்த்தோம். ஒவ்வொரு கோப்பும் எவ்வளவு நேரம் எடுத்தது என்பது அங்கே பட்டையாகத் தெரியும். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் ஒரே படம்தான் வந்தது. காத்திருப்பின் பெரும்பகுதி, சர்வரிலிருந்து முதல் பைட் வந்துசேரும் முன்பே கழிந்திருந்தது. பிரவுசர் அதுவரை வேலையே தொடங்கவில்லை.

"அப்ப இத்தன நாளா பிரவுசர மாத்தி மாத்தி போட்டது?" என்றார் அவர். அந்தக் கேள்வி அவருடையது மட்டும் இல்லை.

ஒரு வேகக் கூற்றுக்கு என்ன வேண்டும்?

அந்தக் கடை இருக்கும் இதே மாவட்டத்தின் காக்களூரில்தான் 2011 செப்டம்பர் 15 அன்று இலவச லேப்டாப் திட்டத்தை முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்களோடு வந்த அந்த லேப்டாப்கள், தமிழ்நாட்டின் பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர். விண்டோஸில் ஒரு பிரவுசரையும் லினக்ஸில் இன்னொன்றையும் ஓட்டிப் பார்த்து 'இது வேகம், அது மெதுவு' என்று தீர்ப்பு எழுதிய மாணவர்கள் ஏராளம். இயங்குதளம் மாறினால் ஒப்பீடே செல்லாது என்பதைச் சொல்லித்தர நம் பாடப்புத்தகத்திலும் பத்திரிகைப் பத்திகளிலும் இடம் இருந்திருக்க வேண்டும்.

ஒரு பிரவுசர் வேகம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று: எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு? இரண்டு: எந்தக் கம்ப்யூட்டர், எந்த இயங்குதளம்? மூன்று: எதை அளந்தார்கள், திறக்கும் நேரமா, முதல் எழுத்து தெரியும் நேரமா, பக்கம் முடியும் நேரமா? நான்கு: ஆட்-ஆன் இல்லாமல், ஒரே பக்கத்தை, ஒரே நெட்டில் வைத்துப் பார்த்தார்களா? நான்கில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் அந்தக் கூற்றை நம்பிச் செலவு செய்ய வேண்டாம். தமிழில் கணினிக் குறிப்பு எழுதுகிறவர்கள் பதிப்பு எண்ணையும் தேதியையும் ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் போட்டாக வேண்டும். மருந்துச் சீட்டில் தேதி இல்லாமல் எழுத மாட்டோம் அல்லவா?

தேடிப்போன ஆறு வரிகளில் எதையும் வேண்டுமென்று இட்டுக்கட்டியதாக ஆவணங்கள் காட்டவில்லை. அநேகமாக ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு காலத்து உண்மை இருந்தது. அவற்றைப் பிழையாக்கியது கடந்துபோன காலமும் அதைக் குறிக்காமல் விட்ட நம் பழக்கமும். அதன் விலையைக் கொடுப்பது இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூக்கத்தைத் தள்ளிப்போட்டு வரிசையில் நிற்கும் தொழிலாளி. பக்கம் தொங்குவது பிரவுசராலா, நெட்டாலா, சர்வராலா என்று தெரிந்தால்தான் யாரிடம் போய்க் கேட்பது என்று அவருக்குத் தெரியும். குறை சர்வரில் இருக்கும்போது அதை நடத்துகிறவர்களிடம் கேட்கிற உரிமை அவருக்கு உண்டு. அந்தக் கேள்வியை அவர் சரியான இடத்தில் கேட்க உதவுவதுதான் இந்த மாதிரி ஆய்வின் வேலை.